எரிவின் வாயிலும் அதனைக் காட்டும் பிறபொருளெதிரியும்

கொதிநீரையும் மிளகாயையும் ஆங்கிலேயர் ஒரே சொல்லாற் குறிப்பர். யாழ்ப்பாணத்துத் தமிழ் அவ்விரண்டையும் மயங்கவிடுவதில்லை. கொதிநீர் சுடும், மிளகாய் உறைக்கும். சுடுகின்ற கறி என்றால் அஃது அடுப்பிலிருந்து அப்பொழுதுதான் இறக்கப்பட்டதென்று அறிவோம். உறைக்கின்ற கறியோ ஆறிப்போன பின்னரும் உறைக்கும். காரணத்தை இங்ஙனம் பிரித்துரைத்த நமது மொழி, விளைவைக் கூறுமிடத்து இரண்டினையும் ஒன்றாக்கிவிடுகின்றது. தணல் பட்ட விரலும் எரிகின்றது. செத்தல் மிளகாய் அரைத்த கையும் எரிகின்றது. மிளகாயில் நெருப்பில்லையே, ஆதலால் பின்னையது உவமைபற்றி வந்த வழக்குப்போலும் என்று கருதுதல் இயல்பு. அஃது உவமையன்று, உள்ளதை உள்ளவாறு உரைத்ததே என்பது 1997ஆம் ஆண்டிலே நிறுவப்பட்டது. தணலும் மிளகாயும் நமது நரம்பிலே தட்டுவது ஒரே கதவினை.

அக்கதவு யாது, அஃது எந்தெந்தக் கலங்களில் உள்ளது, அதனைக் கண்ணாற் காண்பது எவ்வாறு என்பனவே இக்கட்டுரையின் பொருள். விஞ்ஞான ஆசிரியர் எழுதவேண்டியதைத் தமிழாசிரியன் எழுதுவதேன் என்று பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். ஒரு சொல் தனக்குரிய பொருளை மட்டும் குறிக்கின்றதா, பிறிதொன்றையும் உடன் குறிக்கின்றதா என்று ஆராய்வது எம் தொழில். இவ்வாய்விலும் முடிவில் எழும் வினா அதுவே. ஆதலின் எழுதத் துணிந்தேன்.

நமது உடலின் ஒவ்வொரு கலமும் கொழுப்பாலான மெல்லிய மென்சவ்வொன்றினாற் சூழப்பட்டுள்ளது. மின்னேற்றம் பெற்ற அணுக்களாகிய அயன்கள் அச்சவ்வைத் தாமாக ஊடுருவமாட்டா. அவை செல்வதற்கென்று சவ்விலே புரதத்தாலான வாயில்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றை அயன் கால்வாய்கள் என்பர். கால்வாய் என்றவுடன் எந்நேரமும் நீரோடும் வாய்க்காலை நினைத்தல் வேண்டா. இவை மதகுள்ள வாய்க்கால்கள். ஒவ்வொன்றுக்கும் திறத்தற்குரிய ஏது ஒன்று உண்டு. சிலவற்றை மின்னழுத்த மாற்றம் திறக்கும். சிலவற்றை ஓர் இரசாயனப் பொருள் திறக்கும். சிலவற்றை வெப்பம் திறக்கும். வெப்பந் திறக்கும் கால்வாய்களுள் முதன்முதற் கண்டறியப்பட்டதற்கு இன்று வழங்கும் பெயர் ரி.ஆர்.பி.வி.1 என்பது. பெயர் அழகியதன்று, ஆயினும் உலகெங்கும் அதுவே வழங்குதலின் நாமும் கொள்வோம்.

அதனைக் கண்டவர் ஐக்கிய அமெரிக்காவின் சன் பிரான்சிஸ்கோ நகரிற் பணியாற்றிய டேவிட் ஜூலியஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும். அவர்கள் மேற்கொண்ட வழி வியக்கத்தக்கது. மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கப்சேசின் என்னும் பொருளை எந்தப் புரதம் உணர்கின்றது என்பதே அவர்களது வினா. எலியின் புலன் நரம்புக் கலங்களில் தொழிற்படும் ஜீன்களின் படிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, மனித முளையச் சிறுநீரகத்தினின்று பெறப்பட்டு ஆய்வுசாலைகளில் வளர்க்கப்படும் ஒருவகைக் கலங்களுள்ளே செலுத்தினர். சிறுநீரகக் கலத்துக்கு உறைப்புத் தெரியாது. ஆகவே கப்சேசினைச் சேர்த்தபொழுது எத்தொகுதியைப் பெற்ற கலம் கல்சியத்தை உள்ளே வாங்கிற்றோ, அத்தொகுதியிலேதான் தேடிய ஜீன் இருத்தல் வேண்டும். கல்சியம் புகுந்தால் ஒளிமாறும் சாயத்தை முன்னரே கலங்களில் ஏற்றியிருந்தமையால் அது கண்ணுக்குப் புலனாயிற்று. தொகுதியைப் பின்னும் பின்னும் பிரித்து, ஈற்றில் ஒரேயொரு ஜீனை எடுத்தனர். அந்த ஜீன் ஆக்கிய கால்வாயைச் சூடாக்கிப் பார்த்தபோது, ஏறக்குறைய 43 பாகை செல்சியசைக் கடந்தவுடன் மிளகாய் இல்லாமலே அது திறந்துகொண்டது. மனிதருக்குச் சூடு நோவாக மாறும் எல்லையும் ஏறத்தாழ அதுவே. இவ்வாய்வுக்காக ஜூலியசுக்கும், அழுத்தத்தை உணரும் கால்வாய்களைக் கண்ட ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் 2021ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

தீவகத்தார் இக்கால்வாயின் இயல்பை நூலில்லாமலே அறிந்துகொள்ளலாம். ஒடியற் கூழை எண்ணிப் பாருங்கள். மீனும் நண்டும் பயற்றங்காயும் சேர்ந்து கொதிக்கும் அக்கூழிலே அரைத்த செத்தல் மிளகாய் உண்டு. கரைத்த புளி உண்டு. அதனைப் பிளாவில் வார்த்துச் சூட்டோடு உறிஞ்சுவதே முறை. வெப்பம், கப்சேசின், அமிலம் ஆகிய மூன்றும் இந்த ஒரு கால்வாயையே திறக்க வல்லன. அதுவுமன்றி, ஒன்று உள்ளபோது மற்றொன்றின் வேலை எளிதாகின்றது. மிளகாயோ புளிப்போ சேர்ந்தவிடத்துக் கால்வாய் 43 பாகை வரையிற் காத்திராது, அதனினும் குறைந்த சூட்டிலேயே திறந்துவிடும். கூழ் குடிப்பவர் நெற்றி வியர்ப்பதும், அதே கூழ் ஆறியபின் அத்துணை உறைக்காமையும் இதனாலேயாம். மிளகாய்த் தோட்டத்திற் பழம் கொத்தும் பறவைகள் சற்றும் வருந்தாமைக்குக் காரணமும் இங்கேயே உள்ளது. பறவைகளுக்கும் இக்கால்வாய் உண்டு. அதுவும் சூட்டுக்குத் திறக்கும். ஆனால் புரதத்தின் அமைப்பிற் காணப்படும் சிறு வேறுபாட்டினாற் கப்சேசின் அதனைத் திறக்கமாட்டாது. இந்தச் சிறு வேறுபாட்டை மாணாக்கர் நினைவிலிருத்துக. பின்னர் வேண்டப்படும்.

இனி, கால்வாயைக் காணும் வழிக்கு வருவோம். உடலிலே எந்தக் கலத்தில் இக்கால்வாய் உள்ளது, எதில் இல்லை என்று அறிந்தாலன்றி நோவுக்கு மருந்து தேடுதல் இருளிலே கைவிட்டுத் துழாவுவது போலாகும். கால்வாயோ மிகமிகச் சிறியது. சாதாரண நுணுக்குக்காட்டியில் அதன் உருவம் தெரியாது. ஆகவே அதனைத் தேடிச்சென்று பற்றிக்கொள்ளும் ஒரு பொருளை ஏவி, அப்பொருளில் விளக்கொன்றைக் கட்டி அனுப்புகின்றனர். அவ்வாறு ஏவப்படுவதே பிறபொருளெதிரி.

மானிப்பாயில் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களும் ஆக்குவித்த நாள்தொட்டு, விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்லிப் பழகிய மண் இது. நமது பாடநூல்களில் வழங்கும் பிறபொருளெதிரி என்னும் சொல்லைப் பிரித்து நோக்கினாற் பொருள் தானே விளங்கும். பிற பொருளை, அஃதாவது உடலுக்கு அந்நியமான பொருளை, எதிர்ப்பது. தமிழ்நாட்டார் எதிர்ப்பொருள் என்பர். நமது சொல்லே பொருட்செறிவுடையது என்பது என் துணிபு. எதனை எதிர்க்கின்றது என்பதும் அதனுள் அடங்கியிருக்கின்றதன்றோ?

பிறபொருளெதிரியின் பயனைத் தீவகத்தார் நன்கறிவர். பாம்பு கடித்தவருக்கு வைத்தியசாலையில் ஏற்றப்படும் மருந்து வேறொன்றுமன்று. குதிரைக்குப் பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்ற, அதன் உடல் அந்நஞ்சுக்கு எதிரான பிறபொருளெதிரிகளை ஆக்கும். குருதியினின்று அவற்றைப் பிரித்தெடுத்து மருந்தாக்குவர். நெடுந்தீவில் இன்றும் கட்டற்றுத் திரியும் குதிரைகளைக் கண்டவர், அவ்வினத்தின் குருதி இத்தகைய பணிக்குதவுவதை எண்ணி மகிழலாம். நமது வைத்தியசாலைகள் பல்லாண்டுகளாகப் பயன்படுத்திவரும் மருந்து இந்தியாவில் ஆக்கப்படுவது. அதற்கு வேண்டிய நஞ்சிற் பெரும்பகுதி, மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் நிறுவப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தாரால் எடுக்கப்படுவது. நாகம், எட்டடி விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சுக்கும் அம்மருந்து எதிராகும். ஆனால் இலங்கையிற் பலரைக் கடிக்கும் கூன்மூக்கு விரியனின் நஞ்சுக்கு அஃது எதிராகாது. ஏனெனின் அந்த நஞ்சு குதிரைக்கு ஏற்றப்படவில்லை. எதனைக் காட்டி வளர்த்தோமோ அதனையே பிறபொருளெதிரி அறியும்.

இவ்விதி முற்றுண்மையானால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. காட்டியதை அறியும் என்பது மெய். காட்டியதை மட்டுமே அறியுமா என்பதுதான் வினா.

கால்வாய்க்கு எதிரான பிறபொருளெதிரியை ஆக்குவோர் பெரும்பாலும் முழுப் புரதத்தையும் எடுப்பதில்லை. மனிதரின் ரி.ஆர்.பி.வி.1 புரதம் 839 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அத்தகைய மாலைகள் நான்கு சேர்ந்து நடுவே ஒரு துளையை அமைக்கின்றன. ஒவ்வொரு மாலையும் மென்சவ்வை ஆறுமுறை ஊடுருவிச் செல்கின்றது. அதன் இரு நுனிகளும் கலத்தின் உட்புறத்திலேயே கிடக்கின்றன. இவ்வமைப்பை 2013இல் உறைகுளிர் இலத்திரன் நுணுக்குக்காட்டியினால் தெளிவாகக் கண்டனர். இம்மாலையில் 15 அல்லது 20 மணிகள் கொண்ட ஒரு துண்டைத் தெரிந்து, அதேபோன்ற துண்டை ஆய்வுசாலையில் இயற்றி, முயலுக்கு ஏற்றுவர். துண்டு மிகச் சிறிதாகையால் முயலின் உடல் அதனைப் பொருட்படுத்தாது. ஆதலின் கடல்வாழ் நத்தையொன்றின் குருதிப் புரதத்தோடு அதனைப் பிணைத்து ஏற்றுவது வழக்கம். சில வாரங்களில் முயலின் குருதி நீர்ப்பாயத்திலே வேண்டிய பிறபொருளெதிரி தோன்றும். வேண்டாதனவும் உடன் இருக்கும். ஒரேவகைப் பிறபொருளெதிரியை மட்டும் வற்றாது சுரக்கும் கலங்களை ஆக்கும் முறையை 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டனர். அது பெரிய முன்னேற்றமே. எனினும் ஒரேவகை என்பதும் ஒன்றையே பற்றும் என்பதும் வெவ்வேறு. ஒரே சொல் இரு பொருள் தருவதில்லையா?

துண்டைத் தெரிவதிலும் நுட்பமுண்டு. நுனிகள் கலத்தினுள்ளே கிடத்தலால், நுனிக்கு எதிரான பிறபொருளெதிரி உயிருள்ள கலத்திற்குப் பயன்படாது. கலத்தைப் போமலினால் நிலைப்படுத்தி, சவ்வைச் சவர்க்காரம் போன்ற பொருளாற் துளைத்தபின்னரே அஃது உட்புக முடியும். சவ்வுக்கு வெளியே தலைகாட்டும் வளைவுக்கு எதிரானதாயின் உயிருள்ள கலத்தின் மேற்பரப்பிலேயே பற்றும். எலியின் துண்டைக் காட்டி வளர்த்தது மனிதக் கலத்திலும் பற்றுமென்று எண்ணிவிடவும் கூடாது. பறவையின் கால்வாயிற் சிறு வேறுபாடு என்ன செய்ததென்று முன்னர்க் கண்டோம். எலியின் புரதமும் மனிதரின் புரதமும் பெரிதும் ஒத்தனவாயினும் முற்றும் ஒன்றல்ல. தெரிந்த துண்டு வேறுபடும் இடத்தில் விழுந்தால் உழைப்பெல்லாம் வீண்.

பின்னர் நடைபெறுவது எளிது. கண்ணாடித் தட்டில் வளர்ந்த கலங்களின்மேல் முயலின் பிறபொருளெதிரியை இட்டு, ஓரிரவு குளிரில் வைத்து, பற்றாதவற்றைக் கழுவி, முயலின் பிறபொருளெதிரியையே பிறபொருளாகக் கருதும் வேறொரு பிறபொருளெதிரியை, ஆட்டிலிருந்து பெற்றதை, ஒளிரும் சாயம் பூட்டிச் சேர்ப்பர். பிறபொருளெதிரியில் ஒளிரும் சாயத்தைப் பிணைக்கலாமென்று 1941இல் ஆல்பர்ட் கூன்ஸ் காட்டியதன் வழிவந்த முறை இது. நுணுக்குக்காட்டியில் கலம் பச்சையாகவோ சிவப்பாகவோ ஒளிரும். படம் மிக அழகாயிருக்கும்.

அழகே இங்கு ஆபத்து. ஒளிர்ந்த இடமெல்லாம் கால்வாய் உளதென்று கொண்டு எழுதப்பட்ட ஆய்வுரைகள் பலவாயின. நரம்பிலே உளது என்றனர். சிறுநீர்ப்பையின் உட்படலத்தில் உளது என்றனர். மூளையின் பல பகுதிகளிலும் உளது என்றனர். இவற்றை உரைத்துப் பார்க்கும் கல் 2000ஆம் ஆண்டிலேயே கிடைத்திருந்தது. அவ்வாண்டில் இந்த ஜீன் நீக்கப்பட்ட சுண்டெலிகளை ஆக்கினர். அவை கப்சேசின் கலந்த நீரை முகஞ்சுளியாமற் குடித்தன. அச்சுண்டெலிகளின் உடலில் ரி.ஆர்.பி.வி.1 இல்லை. ஆகவே அவற்றின் இழையத்தில் பிறபொருளெதிரி ஒளிரக்கூடாது. 2009இல் பெல்ஜியத்து லூவன் நகர ஆய்வாளர், விற்பனையிலிருந்த பிறபொருளெதிரிகளை இச்சுண்டெலிகளின் சிறுநீர்ப்பையில் இட்டுப் பார்த்தனர். கால்வாய் உள்ள சுண்டெலியில் எவ்வாறு ஒளிர்ந்தனவோ, இல்லாத சுண்டெலியிலும் அவ்வாறே ஒளிர்ந்தன. மூளையைப் பற்றியும் 2011இல் வெளிவந்த ஆய்வொன்று, ஜீன் தொழிற்படும் இடத்தையே நேராகக் குறித்துக் காட்டும் வேறொரு முறையினால், முன்னர்ச் சொல்லப்பட்ட பல இடங்களில் இக்கால்வாய் இல்லையென்றும் மிகச் சில இடங்களிலேயே உண்டென்றும் தெரிவித்தது.

ஆய்வாளர் சோதனையின்றியா எழுதினர் என்று கேட்கலாம். சோதித்தே எழுதினர், சோதனைதான் போதியதன்று. முயலுக்கு ஏற்றிய அதே துண்டைப் பிறபொருளெதிரியோடு முதலிற் கலந்துவிட்டால், அதன் கைகள் நிறைந்துபோய்ப் பின்னர்க் கலத்தில் ஒளிராது. இதனைச் சான்றாகக் காட்டினர். ஆனால் கை நிறைந்த பிறபொருளெதிரி உரிய புரதத்தையும் பற்றாது, உரியதல்லாத புரதத்தையும் பற்றாது. ஆகவே ஒளி மறைந்தமை, முன்பு அது பற்றியது எதனை என்பதை உணர்த்தமாட்டாது. ஒரே துண்டுக்கு எதிராக இரு முயல்களில் ஆக்கியவை இரண்டும் ஒரேவிதமாக ஒளிர்ந்தன என்பதும் அத்தகையதே.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தோர் இந்நுட்பத்தை நன்குணர்ந்தவர்கள். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்ற எத்தனை இடங்களிலிருந்து ஏடுகளைத் தேடினார்! ஒரே தாயேட்டைப் பார்த்து எழுதிய பத்துப் படிகள் ஒத்திருந்தாலும் அவை ஒரு சான்றே. தாயேட்டின் பிழை பத்திலும் இருக்கும். வேறு வழிவந்த ஏடு ஒன்று ஒத்திருப்பின் அதுவே வலிய சான்று. பிறபொருளெதிரியிலும் மாலையின் வெவ்வேறு துண்டுகளுக்கு எதிராக ஆக்கப்பட்ட இரண்டு ஒரே இடத்தில் ஒளிர்ந்தால் ஓரளவு நம்பலாம். 2016இல் பன்னாட்டு ஆய்வாளர் குழுவொன்று பிறபொருளெதிரியைச் சரிபார்க்க வகுத்த ஐந்து வழிகளுள் இதுவும் ஒன்று. அவற்றுள் தலையாயது ஜீனை நீக்கிய கலத்தில் ஒளிராமையைக் காட்டுதல்.

மனிதரின் இழையத்தில் ஆராய்வோருக்கு இடர் மிகுதி. சுண்டெலியின் ஜீனை நீக்கலாம். மனிதரை அவ்வாறு செய்தல் ஆகாது. ஆகவே ஆய்வுசாலைக் கலத்தைத் துணைக்கழைக்கின்றனர். ஜூலியஸ் குழுவினர் பயன்படுத்திய அதே சிறுநீரகக் கலங்களில் ஒரு பகுதிக்கு மனித ஜீனை ஊட்டி, மறுபகுதியை வாளாவிட்டு, இரண்டிலும் பிறபொருளெதிரியை இடுவர். ஊட்டியது ஒளிரவேண்டும், ஊட்டாதது இருண்டிருக்கவேண்டும். அதன்மேலும், கலத்தின் புரதங்களையெல்லாம் கூழ்மத் தகட்டில் மின்னினால் நிறைப்படி பிரித்து, ஏறக்குறைய 95 கிலோடால்டன் நிறையுள்ள பட்டை மட்டுமே பற்றப்படுகின்றதா என்று நோக்குவர். வேறு பட்டைகள் பலவும் தோன்றின் ஐயம். இதிலே தேறிய பிறபொருளெதிரியும் எல்லாவிடத்தும் தேறியதாகாது. ஜீன் ஊட்டிய கலத்தில் கால்வாய் ஏராளம், இயற்கையான நரம்பிலோ அது சொற்பம். ஏராளமானதைக் கண்டுபிடிப்பது அரிதன்று. போமலினில் நிலைப்படுத்திய இழையத்திலே புரதத்தின் வடிவு திரிந்து, ஓரிடத்தில் நன்கு பற்றியது மற்றோரிடத்திற் பற்றாமலும் போகும்.

இத்துணை நுணுகி ஆராய்வதற்கு ஏது மருந்து. கால்வாயை அடைத்தால் நோவு தணியுமென்று கருதி அடைப்பு மருந்துகள் ஆக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றை மனிதருக்குக் கொடுத்துச் சோதித்தபோது சிலரின் உடல்வெப்பம் 40 பாகை அளவுக்கு உயர்ந்தமையால் அம்முயற்சி நிறுத்தப்பட்டது. நோவை மட்டுமன்றி உடல்வெப்பத்தைச் சீராக வைத்திருப்பதிலும் இக்கால்வாய்க்குப் பங்குண்டு என்பது அதனாற் புலனாயிற்று. வேறு சில மருந்துகள் கொதிசூட்டை உணரும் ஆற்றலைக் குறைத்தன. அவற்றை உட்கொண்டவர் தம்மையறியாமற் சுட்டுக்கொள்ள நேரிடும். எவ்வெக் கலத்தில் கால்வாய் உளதென்ற படம் பிழையாயின், மருந்து எங்கெங்கே தாக்குமென்ற கணிப்பும் பிழையாகும். சூட்டை உணர்த்துவது இஃதொன்றே என்றும் கொள்ளற்க. ரி.ஆர்.பி.வி.1 இல்லாத சுண்டெலியும் கொதிசூட்டிலிருந்து தாமதித்தேனும் விலகிக்கொள்ளும். 2018இல் லூவன் ஆய்வாளரே, மூன்று கால்வாய்களையும் ஒருங்கே நீக்கினாலன்றி அவ்வுணர்வு அறாது என்று காட்டினர்.

எதிர்வழியிற் சென்றதும் உண்டு. கால்வாயை அடையாது, செறிந்த கப்சேசினால் மிகைபடத் திறந்து, நரம்பு நுனியைக் களைக்கச் செய்யும் ஒட்டுமருந்து 2009இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏற்கப்பட்டது. நூற்றுக்கு 8 பங்கு கப்சேசின் கொண்ட அதனை நீரிழிவினால் வரும் கால்நோவுக்கும் பயன்படுத்த 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

நீரிழிவு இன்று நமது தீவுகளிலும் வீடுதோறும் பேசப்படும் நோயாகிவிட்டது. நண்பகலிலே காய்ந்த மணலில் வெறுங்காலோடு நடந்து, கொப்புளம் எழுந்தபின்னரும் அதனை உணராத முதியோரை இவ்வூர்களில் யாம் கண்டிருக்கின்றோம். அவர்களது தோலில் நரம்பு நுனிகள் அழிந்துவிட்டனவா, அன்றி நுனிகள் இருந்தும் வாயில் திறக்கவில்லையா என்பது வெளியே பார்த்தால் தெரியாது. முன்னையதை அறியும் முறை பல நாடுகளில் வழக்கிலுள்ளது. வெளிக்கணுக்காலுக்குப் பத்துச் சதமமீற்றர் மேலே, மூன்று மில்லிமீற்றர் அகலமுள்ள தோல்வட்டம் ஒன்றைக் கொய்து, நரம்பு இழைகள் அனைத்திலும் உள்ள ஒரு பொதுப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரியை இட்டு, மேற்றோலினுள் ஏறும் நரம்பு இழைகளை எண்ணுவர். அப்பிறபொருளெதிரி நன்கு சோதிக்கப்பட்டது, எண்ணிக்கையும் நம்பத்தக்கது. ஆனால் அது நரம்பு உண்டு, இல்லை என்று மட்டுமே கூறும். எஞ்சிய இழைகளிலே வெப்பவாயில் உளதா என்று கேட்டால், அதற்கு விடைதர வேண்டியது ரி.ஆர்.பி.வி.1க்கு எதிரான பிறபொருளெதிரியே. மனிதத் தோலிலே, அந்தச் சொற்ப அளவிலே, அதனை மட்டுமே பற்றுகின்றதென்று ஒவ்வொரு புட்டியையும் தனித்தனியே சோதித்த பின்னரே ஆய்வாளர் இன்று அவ்விடையை ஏற்கின்றனர்.